வாய்க்கால் முனைத் தூண்

மருதப்பனுக்குக் கண் போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம். கேலாங் பக்கம் ஒரு கடைவீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் கிளறும்போது அது பொங்கி வெடித்து அவன் முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரியில் பல நாள் வைத்திருந்து கட்டுப் பிரித்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிந்தது. வலது கண்ணில் அதுவும் இல்லை. அவனுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது.

பொத்தோங் பாசிரில் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு பலகை வீட்டில் அவனும் மனைவி கண்மணியும் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவன் கான்கிரீட் கலக்கும் ஆட்களோடு வேலைக்குப் போன காலத்தில் அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். கண் போன பிறகு சிராங்கூன் ரோட்டில் மசாலா அரைக்கும் மில் ஒன்றில் அவள் சேர்ந்தாள். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். வரும்போது மேலெல்லாம் மிளகாய் நெடியாக இருக்கும்.

பகல் முழுக்க அவன் தனியாகத்தான் இருந்தான். சோற்றைப் போட்டுச் சாப்பிட, பாயை விரிக்க, கொடியில் கிடக்கும் துணியை எடுக்க எல்லாம் சீக்கிரமே பழகிவிட்டது. பழகாதது வெளியே போவதுதான். வாசலில் இறங்கி நேராகச் சரிவில் நடந்தால் வாய்க்கால் வரும். அந்த முனையில் வலது பக்கம் திரும்பிக் கரையோடு போனால் ஒரு ரம்புத்தான் மரம். அதன் அடியில்தான் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவான தண்ணீர்க் குழாய் இருந்தது. கக்கூஸ் அதற்குச் சற்று அப்பால். கண் தெரிகிறவர்களுக்கு அது ஒரு தூரமே இல்லை. மருதப்பன் கண்மணி வேலைக்குப் போன பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டான். குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு மைமூனைக் கூப்பிட்டு, யாராவது ஆம்பளை இருந்தால் அனுப்பச் சொல்ல வேண்டும். ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு வாசலில் நின்றது அவனுக்கு மறக்கவில்லை.

அவனே ஒரு வழி செய்தான். வீட்டு நிலைக்காலில் ஒரு கயிற்றைக் கட்டி, வாய்க்கால் முனையில் ஒரு மரக்கட்டையை அடித்து, அதில் கயிற்றைச் சுற்றித் திருப்பி, ரம்புத்தான் மரம்வரை இழுத்துக் கட்டினான். கயிற்றைப் பிடித்துக்கொண்டே போகலாம். சில நாள் போயும் வந்தான். ஆனால் அந்த முனை சதுப்பு மண். மழை பெய்து ஊறியதும், அவன் திரும்புவதற்காகக் கட்டையில் கையை ஊன்றிய நேரத்தில் அது அடியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. கட்டையும் தானுமாக வாய்க்காலுக்குள் விழுந்தான். எதிர்க்கரையில் பன்றி வளர்க்கும் சீனத் தோட்டக்காரர் ஓடிவந்து தூக்கினார். மறுபடி ஆழமாக அடித்தான். இரண்டாவது தடவையும் அதே கதை. அந்த முறை கண்மணி திரும்பி வந்தபோது அவன் கன்னம் கிழிந்து, உடம்பெல்லாம் சேறு காய்ந்து, வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் தங்கராஜு வந்தார். துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. குவீன்ஸ்டவுனில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் அவருக்கு வீடு கிடைத்திருந்தது. குழாயும் கக்கூஸும் வீட்டுக்குள்ளேயே என்று முன்பு வந்தபோது சொல்லியிருந்தார். இப்போது அதைப் பற்றிப் பேசவில்லை. காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, நான் கெட்ட எண்ணத்துல சொல்லலை. ஊருல உங்க அண்ணன் இருக்காரு. அனுப்பி வைங்க, பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. அடுத்த மாசக் கடைசியில நாகப்பட்டினத்துக்குக் கப்பல் இருக்கு. கண்மணி எங்க வீட்டுல இருந்துக்கிட்டு வேலைக்குப் போகட்டும். அங்க உங்களுக்கு ஒரு குறையும் வராது."

மருதப்பன் மனைவி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். அவள் முடியாது என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தான்.

"நீ என்ன சொல்றே?"

கண்மணி அண்ணன் வைத்த டம்ளரைக் கையில் எடுத்தாள். "மில்லுல மிளகாய் கொட்டும்போதெல்லாம் நீங்க எங்க விழுந்து கெடக்கிறீங்களோன்னுதான் நெனப்பு ஓடுது. அன்னிக்குக் கை மிஷினுக்குள்ள போகப் பாத்துச்சு. பக்கத்துல இருந்தவ இழுத்துட்டா. என்னால முடியலைங்க."

அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சொன்னதில் பொய் இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. கப்பல் வரும்வரை தனக்கு அவகாசம் வேண்டும் என்றான். அதற்குள் தான் யார் துணையும் இல்லாமல் குழாய்வரை போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதை இரண்டு பேரும் பார்க்க வேண்டும், அப்புறம் எதுவானாலும் பேசலாம் என்றான். அந்தக் கட்டைதான் நிற்க மாட்டேன் என்கிறதே என்றார் தங்கராஜு.

"கட்டைதான் நிக்காது மச்சான். நான் கல்லுத் தூண் போடப் போறேன்."

தங்கராஜு சிரிக்கவில்லை. தங்கையைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாளே அவன் வேலையைத் தொடங்கினான். சுவரில் சாமான் வைக்கும் பலகைகளைக் கழற்றினான். அவற்றைச் சேர்த்து, மேல்பக்கம் திறந்த ஒரு நீளப் பெட்டியாக ஆணி அடித்தான். தூண் அதற்குள் படுத்தபடி இறுக வேண்டும். சுத்தியடிகளில் பாதி கட்டைவிரலில் விழுந்தது. மைமூனின் கணவர் நூருல் அமீன் ரோச்சோர் கால்வாய் ஓரத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். அவரிடம் சிமெண்ட் கேட்டான். கடையில் ஈரம் படாமல் கிடந்த அரை மூட்டையை அவர் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து போட்டார். வாய்க்கால் ஓரத்து மணலைச் சீனத் தோட்டக்காரர் ஒரு கூடை அள்ளிக் கொடுத்தார். மருதப்பன் அதைக் காதருகே வைத்து உள்ளங்கையில் தேய்த்தான். நறநறவென்று கேட்க வேண்டிய மணல் மெத்தென்று இருந்தது. சேறு கலந்திருந்தது. கூரையிலிருந்து வழியும் மழைநீர்ப் பீப்பாயிலிருந்து மொண்டு மொண்டு, கலங்கல் விரலில் வழுக்காமல் போகும்வரை அலசினான். ஜல்லிக்கு உடைந்த செங்கற்களைச் சுத்தியால் தட்டிச் சிறு துண்டுகளாக்கினான்.

ஒன்று மட்டும் குறைந்தது. தூணுக்குள் கம்பி வைக்க வேண்டும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஏற்கெனவே சிமெண்ட் கேட்டாயிற்று, இனி அதே மனிதரிடம் கம்பியும் கேட்பதா என்று கூச்சமாக இருந்தது. இது என்ன மாடியைத் தாங்கப் போகிற தூணா, ஒரு கயிற்றைத்தானே பிடிக்கப் போகிறது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். கலவையைப் போட்டுச் சமன்செய்து மூடினான்.

அடுத்த ஞாயிறு தங்கராஜு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வரும்போது தூண் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று மருதப்பனுக்கு ஆசை. இறுக இன்னும் நாள் வேண்டும் என்று தெரிந்தே, அன்று காலையில் நூருல் அமீனைக் கூப்பிட்டுத் தலைப்பக்கம் பிடிக்கச் சொன்னான். அடிப்பக்கத்தை அவன் பிடித்தான். இடுப்புயரம் தூக்கியதும் நடுவில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. மறுகணம் அவன் கையில் பாதித் தூண் மட்டும் இருந்தது. மற்றப் பாதி நூருல் அமீனின் கால் பக்கத்தில் மண்ணில் புதைந்து நின்றது.

தங்கராஜு வந்து பார்த்துவிட்டு, தங்கையிடம் மில் வேலையைப் பற்றி விசாரித்துவிட்டுக் கிளம்பினார். போகும்போது, டிக்கெட் எடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார். கண்மணி சரி என்றாள்.

மருதப்பன் தூண் உடைந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். செங்கல் துண்டுகள் சிமெண்டை நன்றாகத்தான் பிடித்திருந்தன. கலவையில் குற்றமில்லை. குற்றம் தன்னிடம்தான். அன்று சாயந்திரமே நூருல் அமீன் வீட்டு வாசலுக்குத் தடவிக்கொண்டே போய்க் கம்பி வேண்டும் என்றான்.

"அடப்பாவி, இதை மொதல்லயே கேட்டிருக்கக் கூடாது? இரும்புக் கடைக்காரன்கிட்ட இரும்பு கேக்க என்ன வெக்கம்?" என்றார் நூருல் அமீன்.

மறுநாள் அவர் இன்னொரு அரை மூட்டை சிமெண்டோடு கொண்டுவந்த கம்பிகள் எங்கோ இடித்த கட்டடத்திலிருந்து வந்தவை. பாம்பு போல நெளிந்திருந்தன. மருதப்பன் ஒரு கருங்கல்லின் மேல் வைத்து, விரலால் வளைவைத் தேடித் தேடி, சுத்தியால் தட்டி நிமிர்த்தினான். நான்கு கம்பிகளை மூலைக்கு ஒன்றாக நிறுத்தி, நடுநடுவே வளையம் போட்டு, மெல்லிய கம்பியால் முடிச்சுப் போட வேண்டும். அந்த முடிச்சுதான் அவனைச் சோதித்தது. கம்பி முனை எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் விரல் நுனிகளெல்லாம் குத்துப்பட்டன. கட்டியது அவிழ்ந்தது. மறுபடி கட்டினான்.

கண்மணி ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அவன் வாசலில் உட்கார்ந்து அதையே செய்துகொண்டிருந்தான். கம்பிகளில் ரத்தம் தடவியிருந்தது. அவள் பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படிக் கட்டணும்? சொல்லுங்க."

"நீ போய் மொதல்ல குளி."

"சொல்லுங்கன்னா."

அவன் அவள் விரல்களைப் பிடித்து, கம்பியை எப்படி மடித்து எப்படி முறுக்குவது என்று காட்டினான். அவள் கட்ட, அவன் ஒவ்வொரு முடிச்சையும் அசைத்துப் பார்த்து, தளர்ந்திருந்தால் இன்னும் ஒரு சுற்று என்றான். இருட்டும்வரை இருவரும் கட்டினார்கள். அவள் ஏன் வந்து உட்கார்ந்தாள் என்று அவன் கேட்கவில்லை.

மில்லுக்கு விடுமுறை நாளில் இரண்டாவது தூணை வார்த்தார்கள். பெட்டியின் உட்புறம் தேங்காயெண்ணெய் தடவியது கண்மணி. எதற்கு என்று கேட்டாள். பலகை ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வருவதற்கு என்றான். கலவையைப் புரட்டியதும் அவள்தான். அவன் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அவ்வப்போது ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தான். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது.

"போதும், தண்ணி ஊத்தாதே."

"இன்னும் கட்டியா இருக்கே?"

"கட்டியாத்தான் இருக்கணும். கிண்டுறதுக்கு லேசா இருந்தா, தூண் லேசாப் போயிடும்."

கம்பிக் கூட்டைப் பெட்டியின் அடியில் படாமல் சிறு கற்களின் மேல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலவையைப் போட்டு, ஒரு இரும்புக் கோலால் குத்திக் குத்தி இறக்கினார்கள். கயிறு போவதற்காக மேல்முனையருகே எண்ணெய் தடவிய ஒரு மூங்கில் துண்டைக் குறுக்கே செருகினான். அது இறுகிப் போகாமலிருக்க அவ்வப்போது திருகிக்கொண்டே இருந்தான். மேலே கரண்டியால் தேய்க்க அவனுக்குக் கண் தேவைப்படவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பழகிய வேலை அது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மைமூன், பந்தியில் இலை துடைக்கிற மாதிரி துடைக்கிறாரே என்று கண்மணியிடம் சொன்னாள்.

அதன் பிறகு காத்திருப்பதுதான் வேலை. ஈரச் சாக்குகளைப் போர்த்தி, அவை காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பகலில் அவன் பீப்பாய்த் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தான். கப்பல் நாள் நெருங்கியது. இந்த முறை அவசரப்பட்டது கண்மணி. தட்டிப் பார்த்தால் கல் மாதிரித்தான் இருக்கிறது, நட்டுவிடலாமே என்றாள். அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டார் என்றாள்.

"மேல கல்லு மாதிரிதான் இருக்கும். உள்ள இன்னும் ஆகலை. கப்பலுக்காக அதைத் தூக்கி மறுபடி ஒடச்சா, நான் எதுக்கு இங்க இருக்கணும்?"

மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போகுமுன் சாக்குகளை ஒருமுறை நனைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

தூணை நடுகிற அன்று தங்கராஜு டிக்கெட்டோடு வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட கால்சட்டை. வாய்க்கால் முனையில் மருதப்பன் இடுப்பளவு குழிக்குள் நின்று மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். நூருல் அமீனும் சீனத் தோட்டக்காரரும் தூணின் ஒரு முனையில் நின்றார்கள். மறுமுனைக்கு ஆள் இல்லை. நூருல் அமீன் தங்கராஜுவைப் பார்த்து, "நிக்கிறீங்களே சார், ஒரு கை பிடிங்க லா" என்றார். அவர் தயங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து பிடித்தார். தூண் வளையவில்லை, முனகவில்லை. குழியில் இறங்கியதும் மருதப்பன் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி மேலிருந்து தொங்கவிட்டு, கயிற்றுக்கும் தூணுக்கும் இடையே விரலை நுழைத்து இடைவெளியை நாலு பக்கமும் தடவிப் பார்த்தான். இப்படி ஒரு நூல், அப்படி ஒரு நூல் என்று நகர்த்தச் சொன்னான். அடியில் கருங்கல்லை இறுக்கி, மீதிச் சிமெண்டைக் கலந்து கொட்டினார்கள். தங்கராஜுவின் சட்டையில் சிமெண்ட் அப்பியிருந்தது. புதன்கிழமை வருகிறேன், வியாழக்கிழமை கப்பல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை சாயந்திரம் அவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்மணி மில்லில் சொல்லிவிட்டு முன்னதாகவே வந்திருந்தாள். மருதப்பன் வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். இடது கையில் கயிறு, வலது கையில் வாளி. காலையில் மழை பெய்திருந்தது. சரிவில் மெதுவாக இறங்கி முனைக்குப் போனான். தூணில் கை வைத்தான். முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தான். அது அசையவில்லை. பழைய கட்டையாக இருந்திருந்தால் அவன் அந்நேரம் தண்ணீரில் கிடந்திருப்பான். வலது பக்கம் திரும்பிக் கரையோடு நடந்து மரத்தைத் தொட்டான். குழாயைத் தேடித் திறந்தான். தண்ணீர் விழும் சத்தம் வீடுவரை கேட்டது.

திரும்பி வரும்போது முனையைத் தாண்டிச் சரிவில் ஏறுகையில் கால் வழுக்கியது. ஒரு முழங்கால் மண்ணில் பட, வாளி சாய்ந்து தண்ணீர் முழுக்கக் கொட்டியது. தங்கராஜு எழுந்தார். கண்மணி அவர் கையைப் பிடித்தாள்.

"உக்காருங்கண்ணே."

"விழுந்துட்டாரும்மா."

"கயித்தை விடலை பாருங்க."

மருதப்பன் விடவில்லைதான். கயிற்றைப் பிடித்தே எழுந்து நின்றான். காலால் துழாவி வாளியைக் கண்டுபிடித்தான். வீட்டுப் பக்கம் வரவில்லை. திரும்பி மறுபடி குழாய்க்கே போனான். மறுபடியும் தண்ணீர் விழும் சத்தம். இந்த முறை சரிவில் ஒவ்வொரு அடியையும் அழுத்தி ஊன்றி ஏறினான். வாசலுக்கு வந்து, முக்கால் வாளித் தண்ணீரை மைத்துனர் காலடியில் வைத்தான். மூச்சு வாங்கியது.

"கை கால் கழுவிட்டு வாங்க மச்சான். சாப்பிடலாம்."

தங்கராஜு வாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தங்கையிடம், தூண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த இடம் வெள்ளம் வருகிற இடம், போன முறை வெள்ளம் வந்தபோது வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றதே, அப்போது இவர் தனியாக என்ன செய்வார் என்று கேட்டார்.

"வெள்ளம் வந்தா கண்ணு தெரியிறவங்களுந்தான் ஓடுவாங்க. அப்ப பாத்துக்கலாம். அவரு ஊருக்குப் போகலைண்ணே. நானும் குவீன்ஸ்டவுனுக்கு வரலை."

தங்கராஜு கை கால் கழுவினார். சாப்பிட்டார். போகும்போது மருதப்பனின் தோளைத் தொட்டு, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். பஸ்ஸுக்குப் போகும் வழியில் முனையில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தூணை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். கண்மணி பார்த்தாள்.

அன்று பாத்திரம் கழுவி முடித்து அவள் வந்து உட்கார்ந்ததும் மருதப்பன் கேட்டான்.

"அன்னிக்கு முடியலைன்னு சொன்னியே?"

"அன்னிக்கு முடியலை. நெசமாத்தான் சொன்னேன்."

"இப்ப?"

"இப்ப நீங்க பகல்ல தண்ணி குடிங்க. பானை கொறையாமலே இருக்கு தெனமும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அவன் எழுந்து போய்ப் பானையைத் தேடி, ஒரு செம்பு மொண்டு அவள் முன்னாலேயே குடித்தான்.

மழைக்காலம் போய்த் தைப்பூசமும் முடிந்த பிறகு ஒரு காலையில், மருதப்பன் குழாயடியிலிருந்து வந்துகொண்டிருந்தபோது, முனையில் யாரோ தூணை உள்ளங்கையால் தட்டும் சத்தம் கேட்டது. எதிர்க்கரைச் சீனத் தோட்டக்காரர். தன் பன்றிப் பட்டியின் மரக்கால்களெல்லாம் கரையான் அரித்துச் சாய்கின்றன என்று மலாயில் சொன்னார். கம்பியும் சிமெண்டும் தான் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

"இதே மாதிரி. பட்டியைச் சுத்தி. போலே?" முடியுமா என்று கேட்டார்.

பட்டி எவ்வளவு பெரியது, எத்தனை தூண் வேண்டும் என்று எதுவும் மருதப்பன் கேட்கவில்லை. அந்தக் கரைக்குப் போக ஒற்றைப் பலகைப் பாலம்தான் இருந்தது. கண் போன பிறகு அவன் அதில் கால் வைத்ததே இல்லை.

"போலே" என்றான். வாளியைக் கீழே வைத்துவிட்டு, பாலம் எந்தப் பக்கம் என்று கேட்டான்.